மூக்காயி வீட்டு வெள்ளைக் கூரை

பக்கத்து வீட்டு மூக்காயியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவள் என் இட்லியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள் என்பதைத்தான். இத்தனைக்கும் தெருவே என் கையால் தின்கிறது. வாசலில் அடுப்பைப் போட்டு இட்லி விற்கிற இந்த ஆரோக்கியத்துக்கு, மாவு நேற்று ஆட்டியதா முந்தாநாள் ஆட்டியதா என்று தினமும் ஒரு விசாரணை. மாதா மேல் சத்தியமாக நேற்று ஆட்டியது என்று சொன்னாலும் விடமாட்டாள், பிட்டு மூக்கருகே கொண்டுபோவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போயேன் என்பேன். மறுநாள் காலையில் தூக்குவாளியோடு முதல் ஆளாக வந்து நிற்பாள்.

என்னை மட்டும்தான் என்று நினைத்து வருத்தப்பட வேண்டியதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்தால் அதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டி, கந்தர்வக்கோட்டை என்றுதான் போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வாள். ரேஷன் கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். கொரோனா ஊசி போட வந்த நர்ஸம்மாவை, முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், நான் பார்க்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டாள். அந்தம்மா தான் போட்டுக்கொண்ட சர்டிபிகேட்டை போனில் காட்டியும், அதில் இருக்கும் போட்டோ உங்கள் ஜாடையாக இல்லையே என்றாள் பாருங்கள், நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் இல்லை. அதையும் நானே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. சுற்றிலும் இருக்கிற முந்திரிக்காடெல்லாம் யார் யாருடையதோ. அதில் கொட்டை பொறுக்குவது, பொறுக்கியதை வறுத்து உடைப்பது, இதுதான் பெண்களுக்கு வேலை. மூக்காயியின் இரண்டு உள்ளங்கையும் கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். முன்னால் நாங்கள் எல்லோரும் பிடாரிகுளத்தின் வடகரையில் இருந்தோம். ஒரு நாள் சட்டையை உள்ளே விட்ட நாலைந்து பையன்கள் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நம்பர் போட வேண்டும் என்றார்கள். நம்பர் போட்டால் பட்டா வரும் என்று எங்களுக்குள் யாரோ கிளப்பிவிட, மூக்காயிக்குத் தலைகால் புரியவில்லை. பையன்கள் வெயிலில் வாடி நிற்கிறார்களே என்று ஒரு சட்டி மோரைக் கரைத்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் கொடுத்தாள். அத்தோடு விட்டாளா? பெயிண்ட் டப்பாவைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டை விட்டுட்டீங்க தம்பி, அந்த வீட்டையும் போடுங்க என்று வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

அந்த நம்பரைப் பார்த்துத்தான் ஜேசிபி வந்தது. குளத்துப் புறம்போக்கில் இருக்கிற வீடுகளை எடுக்கச் சொல்லி உத்தரவாம். ஒரு நம்பரையும் விடவில்லை, எல்லாவற்றையும் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தெருவில் ஒருத்தரும் மூக்காயியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் இடிந்த சுவர்மேல் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் நகத்தில் அந்தச் சிவப்பு ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் வாசலுக்கு வந்த ஒருவருக்கும் ஒரு வாய் மோர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

போக்கிடம் இல்லாமல் தென்கரைக்கு வந்து குடிசை போட்டோம். கஜா புயல் அதையும் தூக்கிக்கொண்டு போனது. பிறகு யார் யாரோ கொடுத்த தகரத்தை வைத்து இப்போது இருக்கிற வீடுகளைக் கட்டினோம். மூக்காயியின் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி அந்தத் தகரத்துக்கு ஆணி அடித்த கையோடு போய்ச் சேர்ந்தார். மகள் அன்புமொழியை மூக்காயி ஒற்றை ஆளாக நின்று திருப்பூரில் கட்டிக்கொடுத்தாள். அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்தத் தகர வீடு ஒன்றுதான். யார் தெருவுக்குள் கால் வைத்தாலும் இது அதை இடிக்க வந்ததா, இல்லையா என்றுதான் அவள் பார்ப்பாள்.

தகர வீட்டில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்பது இருந்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னெல்லாம் சாயந்திரம் ஆனால் கூரை ஆறிவிடும். இப்போது சில வருஷமாகப் பொழுது விழுந்தும் அனல் இறங்குவதில்லை. ஃபேனைப் போட்டால் அந்த அனலைத்தான் நம் மேலேயே வாரி இறைக்கும். அப்படிப்பட்ட ஒரு பங்குனிக் கடைசியில்தான் ஷர்லி வந்தாள். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிற பெண், புதுக்கோட்டையில் படித்தவள், நல்ல மாதிரி. எங்களை அங்கன்வாடியில் உட்கார வைத்து, வெயில் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது, இனிமேல் குறையும் என்று காத்திருக்க முடியாது, வீட்டைத்தான் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும் என்று விளக்கினாள். கூரைமேல் ஒரு வெள்ளைப் பூச்சு பூசினால் வெயில் திரும்பிப் போய்விடும், உள்ளே சூடு குறையும், எல்லாம் இலவசம் என்றாள்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்காயி நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சரி, ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பெயிண்டுக்குக் காசு யார் கொடுப்பது என்று கேட்டாள். வெளிநாட்டில் இருக்கிற நல்ல மனசுக்காரர்கள் என்றாள் ஷர்லி. பிடாரிகுளத்தில் வெயில் அடிப்பது வெளிநாட்டில் இருப்பவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி. ஷர்லிக்கு எங்கே எதைப் பேச வேண்டும் என்று தெரியவில்லை, பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"சாட்டிலைட்லேருந்து பாத்தாலே எந்தெந்த வீடு சூடா இருக்குன்னு தெரிஞ்சிரும்மா."

"ஓகோ," என்றாள் மூக்காயி. "மேலேருந்து பாக்குறாக. பாக்குறவுகளுக்குத் தெளிவாத் தெரியணும்னுதான் வெள்ளையாப் பூசச் சொல்றீங்க."

அவ்வளவுதான். அன்று சாயந்திரமே அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். போன தடவை சுவரில் சிவப்பு, இந்தத் தடவை கூரையில் வெள்ளை, இதுதான் வித்தியாசம் என்றாள். கீழே இருந்து நம்பர் போட்டால் நாம் அழித்துவிடுவோம் என்று இப்போது மேலே இருந்து அடையாளம் வைக்கிறார்கள், பூசி முடித்ததும் எண்ணிக்கொண்டு போய் ஜேசிபியைக் கூட்டிவருவார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வடகரையை மறந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? பெயிண்ட் டப்பாக்கள் அங்கன்வாடியில் அப்படியே கிடந்தன. ஷர்லி வந்தால் சனங்கள் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் நான்தான் முதலில் பூசச் சொன்னேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். அடுப்பு அனலும் கூரை அனலும் சேர்ந்து ஒரு மத்தியானம் மயங்கி விழுந்துவிட்டேன், ஷர்லிதான் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். இடிக்கிறவன் பூசாவிட்டாலும் இடிப்பான், அதுவரைக்கும் வேகாமல் இருக்கலாம் என்று முடிவு செய்தேன். பூசிய மறுநாளே வித்தியாசம் தெரிந்தது. என் வீட்டுக்குள் வந்து வந்து கூரையை அண்ணாந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பூசிக்கொண்டார்கள். மூக்காயி வீடு மட்டும் நடுவில் துருவேறிப் போய் நின்றது.

அந்த நேரத்தில்தான் அன்புமொழி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக்கூடாது என்று மூக்காயி ஜன்னலை அடைத்தாள், தாயின் காதைத் துணியால் கட்டினாள், பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றித் தொட்டிலில் போட்டாள். மேலே தகரம் கொதிக்கிறது. பிள்ளையின் உடம்பெல்லாம் வேர்க்குரு, அப்புறம் காய்ச்சல், அப்புறம் பால் குடிக்கவில்லை. பகல் நேரம், ஆம்பளைகள் ஒருத்தரும் தெருவில் இல்லை. ஷர்லிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லை, வீட்டுச் சூடுதான் இப்படி ஆக்கிவிட்டது, திரும்பவும் அதே சூட்டில் போட்டால் நான் பொறுப்பில்லை என்று திட்டி அனுப்பினாராம். அன்புமொழி திரும்பி வந்ததும் தாயைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். கூரையைப் பூசாவிட்டால் இன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விடுவேன் என்றாள்.

மூக்காயி பூசச் சொன்னாள். பூசுகிறவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்று, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, பிரஷ்ஷை மோந்து பார்த்து, ஒருவழியாகக் கூரை வெள்ளையானது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலையில் இட்லித் தட்டை எடுக்கும்போது சரசரவென்று சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், ஏணியில் நின்றுகொண்டு அவ்வளவு வெள்ளைமேலும் முந்திரிச் சருகையும் கிழிந்த சாக்கையும் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புத்தி கெட்டவளே, மூடுவதற்கா பூசினாய் என்று கத்தினேன்.

"வெள்ள அடியில இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் கயிற்றை இறுக்கிக்கொண்டே. "மேலேருந்து பாக்குறவனுக்கு இது குப்பமேடாத் தெரியட்டும், ஆரோக்கியம்."

ஷர்லி வந்து கெஞ்சினாள். வெள்ளைமேல் வெயில் பட்டால்தான் திருப்பி அனுப்பும், மூடினால் பூசியது வீண் என்றாள். அன்புமொழி அழுதாள். கடைசியில் மூக்காயி ஒரு சமாதானத்துக்கு வந்தாள். தொட்டில் தொங்குகிற இடத்துக்கு நேர் மேலே மட்டும், ஒரு பாய் அகலத்துக்குச் சாக்கை விலக்கிவிட்டாள். பேரனுக்கு அது போதும், மேலே இருக்கிறவனுக்கும் ஒன்றும் புரியாது என்று அவள் கணக்கு. பிள்ளையும் அதற்குக் கீழே கொஞ்சம் தேறித்தான் வந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் வண்டு இரைகிற மாதிரி தலைக்கு மேல் சத்தம். கல்யாண வீட்டில் பறக்கவிடுவார்களே, அந்த ட்ரோன். குளத்தங்கரையில் ஷர்லியும் இன்னொரு பையனும் நின்று அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்காயி வெளியே வந்து பார்த்தாள். மகளையும் பேரனையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு தெரு நடுவில் நின்று, பார்த்தீர்களா, நான் சொன்னேனா இல்லையா, ஓடிப்போய்க் கையில் கிடைத்ததை எடுத்துக் கூரையை மூடுங்கள் என்று கூப்பாடு போட்டாள். யாரும் மூடவில்லை. ஆனால் யாருக்கும் மனசு சரியாகவும் இல்லை. நானே போய் ஷர்லியை நறுக்கென்று கேட்டேன், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் தலைக்கு மேல் எதற்கு இதைப் பறக்கவிட்டாய் என்று. பூசிக் கொடுத்ததைக் காசு கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு படம், வேறொன்றும் இல்லை, சொல்லாமல் எடுத்தது தப்புத்தான் அக்கா என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி இல்லை. வடகரையில் நம்பர் போட்ட பையன்கள் முகமும் பொய் சொல்கிற மாதிரி இல்லை என்றாள் மூக்காயி.

ஆடி பிறந்ததும் தாலுகா ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். தென்கரையையும் எடுக்க வேண்டுமாம். தெருவே மூக்காயியைப் பார்த்தது. அவள் சந்தோஷப்படவில்லை, வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் வந்தவர் இன்னொன்றும் சொன்னார். இந்தத் தடவை சும்மா இடிக்கப்போவதில்லை, மேட்டுக்காட்டுப் பக்கம் மாற்று இடம் கொடுத்து வீடு கட்டித் தருவார்கள். ஆனால் ஆடிக்கு முன்னாலிருந்து இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். சேதி தெரிந்து வெளியூரிலிருந்து வந்து புதிதாகக் குடிசை போடுகிறவர்களுக்கு இல்லை.

அதற்கு அத்தாட்சி? எங்கள் எல்லோருடைய ரேஷன் கார்டும் பழைய விலாசத்தில் கிடந்தது. இடித்துத் தள்ளிய வடகரை விலாசம். அப்போதுதான் அவர் ஒரு பெரிய படத்தை விரித்தார். ஷர்லி எடுத்த படம். தேதியோடு இருந்தது. உத்தரவு வருவதைக் கேள்விப்பட்டு அவள்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, இவர்கள் எல்லோரும் முன்னாலிருந்தே இருப்பவர்கள், பாருங்கள் என்று காட்டி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். படத்தில் எங்கள் தெரு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒவ்வொரு வெள்ளைக் கூரைமேலும் ஆபீஸில் ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். நம்பருக்கு ஒரு வீடு.

மூக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் வீடு எங்கே என்று கேட்டாள். நான் விரலை வைத்துத் தேடினேன். என் வீடு இருந்தது. மூக்காயி வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீடும் இருந்தது. நடுவில் ஒரு குப்பைமேடு, அதன்மேல் வெள்ளையாக என்னவோ. அதற்கு நம்பர் இல்லை.

"அது குப்பைங்க," என்றார் வந்தவர். "மேல யாரோ வேட்டி காயப் போட்டிருக்காங்க."

அதுதான் தொட்டிலுக்கு மேலே விட்ட இடம். இத்தனை நாள் அவளைத் திட்டியதெல்லாம் போய், அந்த ஆளை அடித்துவிடலாமா என்று வந்தது. இதோ இந்தக் குப்பைக்குள்தான் ஐயா ஒரு பச்சைப் பிள்ளை தொட்டிலில் கிடந்தது என்று கத்தினேன். ஷர்லி அவள் பங்குக்குச் சொன்னாள். தெருவே சொன்னது. அவர், எனக்கு நம்பிக்கை இருக்கிறது, மேலே உள்ளவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள், அடுத்த வாரம் எங்கள் ஆட்களே ட்ரோன் கொண்டுவந்து சரிபார்ப்பார்கள், அதில் வீடு தெரிந்தால் இவ்வளவு பேர் சாட்சியையும் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கொடுத்த வாக்கை மூக்காயி நம்பினாளா என்று தெரியவில்லை.

அன்றைக்கே ஏணியை எடுத்தாள். கயிற்றை அறுத்துச் சாக்கையும் சருகையும் கீழே தள்ளினாள். வெள்ளை மங்கிக் கிடந்தது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். கறுத்த கையும் வெள்ளைக் கூரையுமாக அவள் அந்த வெயிலில் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. தேய்த்து முடித்தவள் கடைக்குப் போய், என்ன வாங்கி வந்தாள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட்.

"எனக்கு எழுத்து வராது," என்றாள். "ஒனக்கு நம்பர் போட வரும்ல. கடைசி வீட்டு நம்பருக்கு அடுத்த நம்பரப் போடு. பெருசாப் போடு."

நான் ஏணியில் ஏறினேன். அவள் கீழே நின்று டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சரியான நம்பர்தானா என்று இரண்டு தடவை கேட்டாள். நான் இறங்கியதும் அந்தப் பக்கம் போன பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூப்பிட்டு, அது என்ன நம்பர் என்று படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இந்த ஒரு தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

ஆபீஸ் பையன்கள் வந்த அன்று நல்ல வெயில். குளத்தங்கரையில் நின்று ட்ரோனை ஏற்றினார்கள். எங்கள் தலைக்கு மேல் வந்து அது கொஞ்ச நேரம் நின்றது. மூக்காயி ஓடவில்லை, கதவைச் சாத்தவில்லை. பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்று, கண்ணுக்கு மேல் கையைக் கொடுத்து அண்ணாந்து அதையே பார்த்தாள். இறக்கி முடித்ததும் உள்ளே போய் ஒரு சட்டியோடு வந்தாள். பெருங்காய வாசம் என் வீடுவரைக்கும் அடித்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் வீட்டு மோர். ட்ரோன் ஓட்டிய பையன் வேர்த்துப்போய் நின்றான். டம்ளரில் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே வாயருகே கொண்டுபோனான்.

"தம்பி, முன்னால ஒருத்தன் எங்கையால மோரக் குடிச்சிட்டுப் போயி வீட்ட இடிச்சான்," என்றாள் மூக்காயி. "நீ என்ன செய்யப்போறே?"

அவன் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு உதவிக்குப் போகவில்லை. எனக்கும் அதேதான் தெரிய வேண்டியிருந்தது. அவன் மெதுவாகக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.